கராத் கேசட்டும் மூன்று ஓலைகளும்

லாசரஸ் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் எங்கள் ரோவல் ரோட்டு அடுக்குமாடிப் புளோக்கில் வைத்த பட்டப்பெயர் 'நாலுநாள்'. வேதாகமத்து லாசரஸ் கல்லறைக்குள் நாலு நாள் கிடந்து நாறிய பிறகுதான் ஆண்டவர் வந்து எழுப்பினார். எங்கள் லாசரஸ் சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் லிஃப்டுக்குள் நுழைவார். பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் ஏறியதும் எங்களில் ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கல்லைப் புரட்டிப் போடுங்கப்பா" என்பான். அவர் சிரிப்பார். அடிக்கிற ஆளாக இருந்திருந்தால் நாங்கள் சொல்லியே இருக்க மாட்டோம். அந்த அளவு அறிவு எங்களுக்கு உண்டு.

சத்தமே வராத மனிதர். காப்பிக் கடையில் அவர் கேட்கும் தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, கடைக்காரர் காதில் விழ ரெண்டு மூணு தடவை ஆகும். அப்படிப்பட்டவர்தான் ஒரு காலத்தில் கராத் பேண்டில் கத்தியவர் என்று அலீம் அண்ணன் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பூனை ஒன்று முன்பு புலியாக இருந்து ரிசைன் பண்ணிவிட்டது என்று சொன்ன மாதிரி இருந்தது.

கராத் என்றால் மலாயில் துரு. அப்துல் அலீம் அண்ணன் கிதார். டிரம் ஒரு மலாய்க்காரர், பேஸ் ஒரு சீனர். பாட்டு லாசரஸ் அண்ணன். பாட்டு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கான்கிரீட் கலக்குகிற எந்திரத்துக்குள் நாலு ஸ்பேனரைப் போட்டுச் சுற்றவிட்டு, பக்கத்தில் நிற்பவனின் காலை மிதித்தால் என்ன சத்தம் வருமோ அது. மெட்டல் இசைக்காரர்கள் 'இது ஹார்ட்கோர், போ' என்று துரத்தினார்கள். ஹார்ட்கோர்க்காரர்கள் 'இது மெட்டல், போ' என்று துரத்தினார்கள். ரெண்டு பக்கமும் துரத்தியதில் நடுவே ஓர் இடம் கிடைத்தது. இன்றைக்கு இந்தத் தீவில் கறுப்பு டீசட்டை போட்ட பேண்டுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் நின்று கத்துகின்றன.

அவர்கள் முதன்முதலில் டேப் பண்ணியது எண்பத்தைந்தில், கேலாங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல் மாடி அறையில். அன்றைக்குச் செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் திருநாள். எங்கள் கோயிலில் தேர் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். லாசரஸ் அண்ணனின் தங்கச்சி மதலேனா டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போதுதான் செகண்டரி ஸ்கூலில் சேர்ந்திருந்த பிள்ளை. கட்டில் பக்கத்தில் ரெண்டு பேருக்கு மேல் விடமாட்டார்கள். அம்மாவும் சின்னம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். காரிடாரில் நடை போட்டுக்கொண்டிருந்த மகனைப் பார்த்து அம்மா அல்போன்சம்மாள் ஆண்டிதான், "நீ நின்னு என்ன ஆகப் போகுது, உன் வேலையைப் பார்த்துட்டுச் சாயந்தரமா வா" என்று அனுப்பிவைத்தார். காய்ச்சல் இறங்குகிறது என்று நர்சும் சொல்லியிருந்தாள். அவர் போனார்.

மூணு பாட்டு முடிந்தது. நாலாவதற்கு இசை இருந்தது, வார்த்தை இல்லை. எழுதித் தருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கத்து என்றார் அலீம் அண்ணன். லாசரஸ் அண்ணன் வாய்க்கு எது வரும்? சின்ன வயதிலிருந்து முட்டி போட்டுக் கேட்டது எதுவோ அது வந்தது. சகல அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒருத்தர் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார், மற்ற எல்லோரும் ஒவ்வொரு பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். திருநாளிலும் சொல்வார்கள், கல்லறைத் தோட்டத்திலும் சொல்வார்கள். சாகக் கிடப்பவர் பக்கத்திலும் சொல்வார்கள்.

அவர் கத்தக் கத்த, அந்த மலாய்க்காரரும் சீனரும் அலீம் அண்ணனும் பதிலைக் கற்றுக்கொண்டு அடித்தொண்டையில் உறுமினார்கள். சூசையப்பர் போனார், இராயப்பர் போனார், சின்னப்பர், அந்தோனியார், சவேரியார் எல்லோரும் அந்த எந்திரத்துக்குள் விழுந்து போனார்கள். கடைசியில் பெண் புனிதர்கள் வருவார்கள். அதில் முதல் பெயர் மரிய மதலேனம்மாள். அந்தப் பெயரில் அண்ணன் நின்றுவிட்டார். அடுத்த பெயருக்குப் போகவில்லை. அதையே திரும்பக் கத்தினார், திரும்பக் கத்தினார். மற்றவர்கள் திரும்பத் திரும்ப உறுமினார்கள். அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. ஸ்டூடியோக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சீன ஆண்டி கதவுக்கு வெளியிலிருந்து, "லாசரஸ், போன் லா" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து.

அதோடு டேப் முடிகிறது. அதோடு லாசரஸ் அண்ணனின் பாட்டும் முடிந்தது. அவர் கராத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கோயிலுக்கு மட்டும் தவறாமல் வந்தார். ஆனால் பிரார்த்தனை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கடைசிக் கதவின் பக்கத்தில் நிற்பார்.

பாடினவர் போன பிறகும் டேப் சும்மா இருக்கவில்லை. ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து வேறொன்று என்று ஜோகூர் தாண்டிப் போனது. ஈப்போவில் கேட்டார்கள், பெல்ஜியத்தில் கேட்டார்கள். அங்கே ஒருத்தன் ஜெராக்ஸ் பத்திரிகையில், இது ஆசியாவின் ஏதோ பழைய பேய் மந்திரம் என்று எழுதினானாம். சூசையப்பருக்கு இது தெரிந்தால் வேலையை விட்டுவிடுவார்.

எண்பத்தெட்டில் லாசரஸ் அண்ணனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் உர்சுலா அக்கா. ஆங் மோ கியோவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் போர்டு பார்க்கிற வேலை. கோயில் பாடகர் குழுவில் ரெண்டாம் குரல். எப்படி ஆரம்பித்தது என்று எங்கள் புளோக்குக்கே தெரியும். கோயில் பிக்னிக்குக்குப் போன பஸ்ஸில் வேறு இடமில்லாமல் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது நிறைய இடம் இருந்தது. அப்போதும் அங்கேயே உட்கார்ந்தார். "உங்களுக்குக் குரலே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. பக்கத்துல உக்காந்தா நல்லாத்தான் கேட்குது" என்றாராம். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தானே கேட்கும்.

பாசிர் ரிஸ்ஸில் ரெண்டு பேர் பெயரிலும் வீட்டுக்குப் பதிந்தாயிற்று. அங்கிருந்து சாங்கி பக்கம், கடற்கரை பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய், இன்னும் கட்டாத வீட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதாவது மண்ணைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

உர்சுலா அக்காவின் அப்பா இஞ்ஞாசி அங்கிள். போஸ்ட் ஆபீஸில் சூப்பர்வைசர். கோயிலில் அதற்கும் மேல். பிரார்த்தனை சொல்லிக்கொடுப்பது அவர்தான், புத்தகம் இல்லாமல், பழைய தமிழில், ஒரு புனிதர்கூட இடம் மாறாமல். கார்கோக்காரன் என்று முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு குறை சொன்னார்: பையன் பிரார்த்தனை நேரத்தில் வாய் திறப்பதில்லை. கூச்சம் என்று அக்கா சொன்னார். சரி, கல்யாணத்துக்கு அப்புறம் திறக்க வைத்துவிடலாம் என்றார் அங்கிள். கல்யாணத்துக்கு அப்புறம் வாய் திறந்த மாப்பிள்ளை யார் இருக்கிறார்கள் என்று கோயில் கேன்டீனில் சிரித்தார்கள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று. வாசித்து முடித்துச் சாமியார் கொஞ்சம் நிறுத்துவார். அந்தக் கொஞ்ச நேரம் கோயில் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். ஒரு நாளும் யாரும் ஒன்றும் சொன்னது கிடையாது. ஆனாலும் பார்ப்பார்கள். ஓசியில் கிடைக்கிற நாடகம் அது ஒன்றுதான்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தால் கேட்டில் அலீம் அண்ணன் நிற்கிறார், கையில் ஒரு அட்டைப்பெட்டி. சிராங்கூன் ரோட்டில் அவருடைய அத்தா கேசட் கடை வைத்திருந்தார். முன்பக்கம் சினிமாப் பாட்டு, பின்பக்கம் ஒரு ரேக்கில் மகனின் இரைச்சல். பெல்ஜியக்காரன் கேட்டுக்கொண்டே இருந்ததால், கராத்தின் அந்த முதல் டேப்பை அலீம் அண்ணன் மறுபடியும் நல்ல அட்டை போட்டு வெளியிட்டிருந்தார். கல்யாணப் பரிசாக இருக்கட்டும் என்று லாசரஸ் அண்ணனிடம்கூடச் சொல்லாமல் கொண்டுவந்திருந்தார். முதல் கேசட்டை நேரே இஞ்ஞாசி அங்கிள் கையில் கொடுத்தார்.

"அங்கிள், உங்க மாப்பிள்ளை குரல். கடைசிப் பாட்டைக் கேளுங்க. உங்க சாமி பாட்டுதான்."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒருத்தர் சாமி பெயரைச் சொன்னால் அவர் மாமனாருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அலீம் அண்ணன் மனதார நினைத்தார். லாசரஸ் அண்ணன் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் அன்றைக்குப் போன மாதிரி வேறு எப்போதும் போனதில்லை. அலீம் அண்ணனுடைய கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அதற்குள் எங்கள் செட்டே ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று மத்தியானம் இஞ்ஞாசி அங்கிள் சாப்பாட்டு மேசையில் கேசட் பிளேயரை வைத்துக் குடும்பத்தோடு கேட்டார். எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், விருப்பம் இல்லாமல். முதல் மூன்று பாட்டுக்கும் அவர் தண்ணீர் மட்டும் குடித்தாராம். நாலாவதில் புனிதர்கள் வரிசை வந்ததும் கையில் இருந்த டம்ளர் நின்றது. மதலேனம்மாள் பெயரில் டேப் சிக்கிக்கொண்ட மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மூன்று தட்டு. பிறகு ஒன்றுமில்லை. அங்கிள் அட்டையை எடுத்துப் படித்தார். கடைசிப் பாட்டுக்கு ஆங்கிலத்தில் 'தட்டியது யார்' என்று பெயர் போட்டு, கீழே பேய்க் கை மாதிரி ஒரு படம். ஓரத்தில் பொடி எழுத்தில்: ஒலிப்பதிவு, செப்டம்பர் எட்டு, எண்பத்தைந்து.

மாதா திருநாளில் செத்த பிள்ளையை எங்கள் கோயிலில் யாரும் மறக்கவில்லை. தேர் அன்று ஜோடனையோடு அப்படியே நின்றது. ஆக, கணக்கு ரொம்ப லேசாக முடிந்தது. தங்கச்சி உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து புனிதர்களைக் கேலி செய்திருக்கிறான். அதிலும் தங்கச்சி பெயரையே சொல்லிச் சொல்லி. புதன்கிழமைக்குள் இது தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் வரை போய்ச் சேர்ந்தது.

எங்கள் பங்கைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அண்ணன் வேலை முடிந்து கீழ்த்தளத்தில் நடந்து வருவார். எங்கள் செட்டுத் தனசேகரன் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு புனிதர் பெயரைக் கத்துவான். மற்றவர்கள் நாலு மூலையிலிருந்தும் அடித்தொண்டையில் பதில் உறுமுவோம். தனசேகரன் முருக பக்தன். அவனுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் பாடமாகிவிட்டன, ஞானோபதேச வகுப்பில் நான் ரெண்டு வருஷம் உட்கார்ந்தும் ஆகாத பாடம். லிஃப்ட் கதவு மூடும்போது யாராவது மூன்று தட்டுத் தட்டுவான். அண்ணன் இப்போது சிரிக்கவில்லை. லிஃப்டுக்குள் நேராக நின்று மேலே ஓடும் நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உர்சுலா அக்கா வியாழக்கிழமை பேக்டரி விட்டதும் நேரே அலீம் அண்ணன் கடைக்கு வந்தார். நான் பின்பக்க ரேக்கில் வாங்கப் போகாத கேசட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஹெட்போனைக் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, பேக்டரிச் சீருடையோடு முழு டேப்பையும் கேட்டார். அக்காவின் வேலையே அதுதானே, கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்ப்பது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"யார் தட்டினது?"

அலீம் அண்ணன் முன்பக்கத்துச் சினிமாப் பாட்டைக் குறைத்துவிட்டு வந்தார். பிறகுதான் அன்றைய கதை முழுவதையும் சொன்னார், நான் மேலே எழுதினது எல்லாம் அப்போது கேட்டதுதான். ஸ்டூடியோ ஆண்டி, போன், ஆஸ்பத்திரி. ஆண்டியின் குரல் எங்கே என்று அக்கா கேட்டார். டேப்பில் தட்டு மட்டும்தானே இருக்கிறது?

"இந்தத் தடவை வெட்டிட்டேன் தங்கச்சி. போன் லான்னு ஒரு ஆண்டி வந்தா யாருக்குப் பயம் வரும்? தட்டு மட்டும் இருந்தாத்தான் எடுப்பா இருந்துச்சு. மாஸ்டர் டேப்லயே வெட்டிட்டேன்."

பழைய காப்பி ஏதாவது இருக்குமா என்று அக்கா கேட்டார். இருக்கும், ஆனால் அதெல்லாம் காப்பியின் காப்பி, அதில் ஆண்டி பேசுவதும் மழை பெய்வதும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றார் அலீம் அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அக்கா ஒரு கேசட் கேட்டபோது பில் போட்டுத்தான் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போன் வந்த கதை உண்மை என்றால் அது இன்னும் மோசம், சாவு வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் விளையாடியிருக்கிறான் என்றாராம். ஆனால் அவர் ஒன்றும் மடையர் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்து ஒரு வழி விட்டார். ஞாயிறு ரெண்டாவது ஓலை வாசிக்கட்டும், அதற்குப் பிறகு பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு அவன் சொல்கிற பதிலில் இருக்கிறது மூன்றாவது ஓலை என்றார்.

ரெண்டாவது ஓலை வாசித்து முடித்துச் சாமியார் நிறுத்தியபோது, கழுத்துகள் திரும்பின. அல்போன்சம்மாள் ஆண்டி உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவருக்கு ரெண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

கேள்வி கோயில் கேன்டீனில் வைத்து நடந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பேச்சு எழுந்தது ஊர் நடுவில், அடங்குவதும் ஊர் நடுவில்தான் என்று அங்கிளுக்கு ஒரு நியாயம். அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உறைப்பான மீ சியாம் நூடுல்ஸ் ஒரு தட்டை முக்கால் மணி நேரம் சாப்பிட்டவர்களை நான் பார்த்தேன். நானும் அதில் ஒருத்தன்.

லாசரஸ் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உர்சுலா அக்கா அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால்.

"தம்பி, ஒரே கேள்விதான்" என்றார் அங்கிள். குரல் அன்பாகவே இருந்தது. "அன்னைக்கு நீ வேண்டினியா, கேலி பண்ணினியா? வேண்டினேன்னு சொல்லு. நான் நம்பறேன். இதோ இவங்க எல்லாரையும் நம்ப வைக்கிறேன்."

ஒரு வார்த்தை. சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். நானாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பேன், கூடவே கண்ணில் தண்ணீரும் வரவழைத்திருப்பேன். அண்ணன் மேசையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டும், மாமா."

பின் மேசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டு, சொல்லி, அது கடைசி மேசை வரைக்கும் போய் வந்தது.

"ரெண்டும்னா?"

"ஆரம்பிச்சது கேலிதான். வார்த்தை இல்லாம வாய்க்கு வந்ததைக் கத்தினேன். அலீம் சிரிச்சான், நானும் சிரிச்சேன். மதலேனா பேருக்கு வந்தப்போ அதைத் தாண்ட முடியல. தாண்டினா அவ போயிடுவான்னு தோணுச்சு." மறுபடியும் மேசையைப் பார்த்தார். "தாண்டவே இல்ல. அப்பவும் போயிட்டா."

அல்போன்சம்மாள் ஆண்டி எழுந்து, நான்தான் அவனைப் போகச் சொன்னேன், அவன் போகமாட்டேன்னுதான் நின்னான் என்றார். இஞ்ஞாசி அங்கிள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. போகச் சொன்னீங்க சரி, புனிதர்களை வெச்சுக் கூத்தடிக்கவும் நீங்கதான் சொன்னீங்களா என்று கேட்டார். ஆண்டி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அங்கிள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "பாதி கேலின்னு நீயே சொல்லிட்டே. இதுக்கு மேல நான் யார்கிட்ட பேசறது? இன்னொண்ணு தம்பி. இனிமே மாமா வேண்டாம். எல்லாரையும் போல அங்கிள்னே கூப்பிடு."

"சரி, அங்கிள்" என்றார் லாசரஸ் அண்ணன். உடனே சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மீ சியாம் உறைப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். இப்போது நான்கூடக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உங்கப்பா தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ நிக்கிறியே."

அங்கிள் வாசலிலிருந்து கூப்பிட்டார். அக்கா போனார்.

போனாரே தவிர, அப்பாவோடு டாக்சியில் ஏறவில்லை. கோயிலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். வந்த பஸ்ஸை எல்லாம் விட்டார். அக்காவுக்கு வயது இருபத்துநாலு. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட அப்பாவைக் கேட்க வேண்டியதில்லை. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரோடு தாண்டி எதிர்ப்பக்கம் சாங்கி பஸ்ஸுக்கு நின்றிருந்த லாசரஸ் அண்ணனுக்கும் தெரியும். நடுவில் ஒரு ரோடுதான். பச்சை மனிதன் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடியும் எரிந்தது. அண்ணன் கடக்கவில்லை. தகப்பனிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்தால், நாளைக்கு அது தங்கச்சி விஷயம் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரா, அல்லது அக்கா வரட்டும் என்று நினைத்தாரா, தெரியாது. அக்காவும் கடக்கவில்லை. அண்ணனின் பஸ் முதலில் வந்தது.

மூன்றாவது ஞாயிறு சாமியார் அந்தத் தாளைத் தாண்டி ரெண்டாம் காணிக்கை அறிவிப்புக்குப் போனார். பாசிர் ரிஸ் வீட்டுப் பதிவு ரத்தானது. மண் அங்கேயே இருந்தது, அதில் புளோக் எழும்பியது, வேறு யாரோ குடிவந்தார்கள்.

கேசட் நன்றாக விற்றது. அந்த வருஷம் நான் போன எல்லா ஷோவிலும், எந்தப் பேண்டாக இருந்தாலும், கடைசிப் பாட்டின் முடிவில் ஒருத்தன் ஒரு பலகையைத் தூக்கி வந்து மூன்று தட்டுத் தட்டுவான். கூட்டம் அலறும். ஒரு தடவை நானும் அலறினேன். பிறகு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவேன்.

மறு வருஷம் உர்சுலா அக்காவுக்கு மறுபடியும் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை ஜார்ஜ், ஏர்கான் டெக்னீஷியன். நல்லவர். குடிக்க மாட்டார், பிரார்த்தனைக்கு வாய் திறந்து பதில் சொல்வார், கோயில் பெரிய ஃபேனைச் சும்மாவே ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை, அதுவே பெரிய குறையாகப் போய்விட்டது.

தனசேகரனுக்கு ஒரு திட்டம் தோன்றியது. மூன்றாவது ஓலை வாசித்து, விக்கினம் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சொல்லிச் சாமியார் நிறுத்துவார் அல்லவா, அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்துப் பெரிய மரக்கதவில் மூன்று தட்டு. அவ்வளவுதான். ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இஞ்ஞாசி அங்கிள் முகம் எப்படிப் போகும் என்று ஆளுக்கு ஒரு தடவை நடித்துக் காட்டினோம்.

அந்த ஞாயிறு நானும் தனசேகரனும் கடைசிக் கதவின் பக்கத்தில் நின்றோம். லாசரஸ் அண்ணனும் அங்கேதான் நின்றார், வழக்கம்போல, கார்கோச் சீருடையில். வராமல் இருந்திருக்கலாம். அவருக்கு மூன்று ஞாயிறும் வந்து நின்று கேட்க வேண்டியிருந்தது.

சாமியார் வாசித்தார். இஞ்ஞாசி மகள் உர்சுலாவுக்கு. நிறுத்தினார். கழுத்துகள் திரும்பின. தனசேகரன் கையை முறுக்கிக் கதவை நோக்கி ஓங்கினான். அந்த மணிக்கட்டை அண்ணன் பிடித்தார். பெட்டி தூக்குகிற கை. குனிந்து, அவன் காதில், எனக்கும் கேட்கிற அளவில் சொன்னார்.

"வேணாம்டா தம்பி. அவ பதறிடுவா."

நான் அப்போது முன்னால் பார்த்தேன். பாடகர் குழுவில் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உர்சுலா அக்கா மட்டும் திரும்பியிருந்தார். ஜார்ஜைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதை லேசாகச் சாய்த்து, அன்றைக்குக் கேசட் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி. சாமியார் தாளைப் புரட்டி அடுத்த அறிவிப்புக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

லாசரஸ் அண்ணன் அதைப் பார்க்கவில்லை. தனசேகரனின் கையை விடாமல் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து கேன்டீனில் தனசேகரன் மணிக்கட்டில் சிவந்த நாலு விரல் அடையாளத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். லாசரஸ் அண்ணன் ஒரு தட்டு மீ சியாம் வாங்கி வந்து அவன் முன்னால் வைத்து, வலிக்கிறதா என்று கேட்டார். அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அண்ணன் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தார். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லவா என்று ரெண்டு தடவை வாய் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே அக்காவுக்கு மாலையின் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சாங்கி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.